கங்கையில் குதித்த சிறுவன்

நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையிலும் எல்லையை ஒட்டிக் கிடக்கும் எங்கள் சிற்றூர்களில் நீந்தத் தெரியாத பையனைக் காண்பது அரிது. குளத்தில் இறங்குவான், தண்ணீர் குடிப்பான், நாலு நாளில் நீந்துவான். யார் கற்றுக் கொடுத்தார் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. மழைக்காலத்து நெய்யாற்றைக் கடப்பவனை ஊரார் வியந்து பார்ப்பர். எத்தனை நொடியில் கடந்தான் என்று கணக்குப் பார்ப்பவர் இல்லை. அப்படிக் கணக்கில் வராத நீச்சலிலிருந்து ஒலிம்பிக் வரை சென்ற ஒருவரைப் பற்றி நம் சங்க நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் சச்சின் நாக்.

வங்காளியாகிய இவர் 1920 ஜூலை 5-ஆம் நாள் காசியில் பிறந்தார். கங்கைக் கரையில் வளர்ந்த பிள்ளைக்கு நீச்சல் தனிக் கலையாகத் தோன்றியிருக்காது. 1930-இல், நாடெங்கும் சட்டமறுப்பு நடந்த காலத்தில், காசியில் கூடிய கூட்டத்தின்மீது போலீசார் தடியடி நடத்தினர். கூட்டத்தில் நின்ற பத்து வயதுச் சச்சின் தப்பியோடிக் கங்கையில் குதித்தான். அந்நேரம் ஆற்றில் 10 கிலோமீட்டர் நீச்சல் போட்டி ஒன்று நடந்துகொண்டிருந்ததாம். பையன் போட்டியாளரோடு கலந்து நீந்தினான். மூன்றாவதாகக் கரை சேர்ந்தான் என்கிறார்கள். தடிக்குப் பயந்து ஓடியவன் பந்தயக்காரனான கதை! எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அவன் பரிசை நினைத்து நீந்தவில்லை என்பதே.

பின்னர், பயிற்சியாளர் ஜாமினி தாஸ் கண்ணில் பட்டுக் கல்கத்தா சென்றார். ஹாட்கோலா கழகத்தில் முறையான பயிற்சி கிடைத்தது. வங்காளத்துப் போட்டிகளிலும் தேசியப் போட்டிகளிலும் பெயர் பெற்றார். ஆனால் இளமையின் சிறந்த ஆண்டுகளை உலகப் போர் விழுங்கிவிட்டது. 1940-இலும் 1944-இலும் ஒலிம்பிக் நடைபெறவில்லை. இருபது வயதில் கிடைத்திருக்க வேண்டிய வாய்ப்பு இருபத்தெட்டு வயதுக்குத் தள்ளிப்போயிற்று.

அந்த வாய்ப்பும் கை நழுவப் பார்த்தது. 1947-இல் கல்கத்தாக் கலவரத்தில் துப்பாக்கிக் குண்டு ஒன்று அவருடைய காலைத் துளைத்தது. தேற இரண்டு ஆண்டுகள் ஆகும் என்றனர் மருத்துவர். லண்டன் ஒலிம்பிக்கோ அடுத்த ஆண்டே. நீச்சலில் காலுக்கும் வேலை உண்டு. நீரை உதைத்துத் தள்ளும் கால் புண்பட்டால் முழு வேகம் எடுப்பது எப்படி? நாக் காத்திருக்கவில்லை. மீண்டும் நீரில் இறங்கினார். 1948-இல் லண்டன் சென்று 100 மீட்டர் நீச்சலில் கலந்துகொண்டார். முதற்சுற்றோடு வெளியேறினார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் நீர்ப்பந்தாட்டத்தில் அவர் ஆடிய இந்திய அணி சிலி நாட்டை 7-4 என்று வென்றது.

1951 மார்ச்சில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் டெல்லியில் நடந்தன. மார்ச் 8-ஆம் நாள் 100 மீட்டர் பந்தயம். 1 நிமிடம் 4.7 நொடியில் முதலாவதாக வந்தார் நாக். ஆசியப் போட்டிகளில் இந்தியா பெற்ற முதல் தங்கம் இது. பிரதமர் நேரு நேரில் இருந்து பாராட்டினார். அப்போது நாக்குக்கு வயது முப்பது. குண்டு பாய்ந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. நீர்ப்பந்தாட்டத்திலும் இந்தியாவுக்கே தங்கம். அந்த அணியிலும் அவர் இருந்தார்.

1952-இல் நீர்ப்பந்தாட்ட அணியோடு ஹெல்சிங்கி சென்றார். அணி தோற்றது. அதே ஒலிம்பிக்கில் 200 மீட்டர் மார்பு நீச்சலில் இறங்கினாள் ஆரதி சாகா என்னும் கல்கத்தாச் சிறுமி. பன்னிரண்டு வயதுகூட நிறையாத அவளைச் சிறு குழந்தையாக இருந்தபோதே கண்டெடுத்துப் பழக்கியவர் நாக். அந்த மாணவி 1959 செப்டம்பர் 29-ஆம் நாள் பிரெஞ்சுக் கரையிலிருந்து புறப்பட்டு 16 மணி 20 நிமிடத்தில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். முந்தைய மாதம் முயன்று முடியாமற்போன கால்வாய் அது! ஆசியப் பெண்களுள் அதைக் கடந்த முதல்வர் அவரே. 1960-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆசிரியருக்கு? போட்டியை விட்டபின் நாக் பிறருக்கு நீச்சல் கற்றுக் கொடுத்து வாழ்ந்தார். அர்ஜுனா விருது 1961-இல் தொடங்கியது. அவர் களத்தை விட்டு விலகியபின் வந்த விருது. பயிற்சியாளர்க்கென்று துரோணாச்சாரியார் விருதை அரசு ஏற்படுத்தியது 1985-இல். அதுவும் அவரை அடையவில்லை. பத்மஸ்ரீயும் இல்லை. அர்ஜுனா விருதுக்கு அவர் முந்திப் பிறந்துவிட்டார் என்று ஆறுதல் சொல்லலாம். துரோணாச்சாரியாருக்கு அந்தச் சமாதானமும் பொருந்தாது. 1987 ஆகஸ்ட் 19-ஆம் நாள் அவர் மறைந்தார்.

குடும்பத்தார் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தனர். 2020-இல், மறைந்து முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, அவருக்குத் தியான் சந்த் விருது அறிவிக்கப்பட்டது. கொரோனாக் காலமாதலால் அவ்வாண்டு விழா காணொளியிலேயே நடந்தது. அதற்குப் பின்னும் ஒரு ஆசியப் போட்டி, 2023-இல் சீனத்து ஹாங்சோவில், நடந்து முடிந்தது. நீச்சல் பந்தயத்தில் ஆசியத் தங்கம் வென்ற இந்தியர் இன்றும் ஒருவரே.