விழுந்த பாலத்தை மறக்காதவர்

ஜார்ஜ் ஸ்டீபன்சன் என்ற பெயரை நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ரயில் என்றாலே அவர் பெயர்தான் முதலில் வரும். அவருடைய ஒரே மகன் ராபர்ட் ஸ்டீபன்சனைப் பற்றி நம் பள்ளிகளில் அதிகம் பேசுவதில்லை. இத்தனை வருடம் பாடம் நடத்திய நானே அவரைப் பற்றி விவரமாகப் படித்தது ஓய்வு பெற்ற பிறகுதான். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசை.

ராபர்ட் 1803-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி, இங்கிலாந்தின் வடகிழக்கே டைன் ஆற்றங்கரையில் உள்ள வில்லிங்டன் கீ என்ற ஊரில் பிறந்தார். அப்பா அப்போது இயந்திரங்களைக் கவனித்துக்கொள்ளும் சாதாரணத் தொழிலாளி. ராபர்ட்டுக்கு மூன்று வயது நிரம்பும் முன்பே அம்மா காசநோயால் இறந்துவிட்டார்.

ஜார்ஜ் பதினெட்டு வயதுக்குப் பிறகுதான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர். தான் பட்ட கஷ்டம் மகன் படக்கூடாது என்று நினைத்தார். ஓய்வு நேரத்தில் கடிகாரம் பழுது பார்த்தார், செருப்பு தைத்தார். அந்தப் பணத்தில் மகனை நியூகாசில் நகரத்துப் பள்ளியில் சேர்த்தார். தினமும் போய்வர ஒரு கழுதையும் வாங்கிக் கொடுத்தார்! நகரத்து நூலகத்தில் படித்ததை எல்லாம் சிறுவன் ராபர்ட் மாலையில் வீட்டுக்கு வந்து அப்பாவுக்குச் சொல்வான். அப்பாவும் மகனும் சேர்ந்தே படித்தார்கள் என்று சொல்லலாம். 1816-இல், ராபர்ட்டுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது, இருவரும் கணக்குப் போட்டு ஒரு சூரியக் கடிகாரம் செய்து தங்கள் வீட்டு வாசலுக்கு மேலே பதித்தார்கள்.

பிறகு ராபர்ட் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சில மாதங்கள் படித்தார். 1823-இல் நியூகாசிலில் ரயில் இன்ஜின் செய்யும் தொழிற்சாலை ஒன்று அவர் பெயரிலேயே தொடங்கப்பட்டது. அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. நடுவில் மூன்று ஆண்டுகள் தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டு வெள்ளிச் சுரங்கங்களில் வேலை பார்த்தார். திரும்பி வரும் வழியில், நீராவி இன்ஜினைத் தண்டவாளத்தில் முதலில் ஓட்டிக் காட்டிய ரிச்சர்ட் ட்ரெவிதிக்கைக் கையில் காசில்லாத நிலையில் சந்தித்தார். ஊர் திரும்ப 50 பவுன் கொடுத்து உதவினார்.

1829-இல் ரெயின்ஹில் என்ற இடத்தில் நடந்த ரயில் இன்ஜின் போட்டியில் வென்ற ராக்கெட் இன்ஜின், ராபர்ட்டின் தொழிற்சாலையில் உருவானதுதான். அடுத்து லண்டனிலிருந்து பர்மிங்காமுக்கு 112 மைல் நீள ரயில் பாதை போடும் பொறுப்பு அவரிடம் வந்தது. கில்ஸ்பி என்ற இடத்தில் சுரங்கப்பாதை தோண்டும்போது தண்ணீரும் மணலும் பீறிட்டுக்கொண்டு வந்தன. வேலையைக் கைவிட்டுவிடலாமா என்றுகூட இயக்குநர்கள் யோசித்தார்கள். ராபர்ட் அவகாசம் கேட்டு, நீராவிப் பம்புகளை வரிசையாக நிறுத்தி இரவும் பகலும் மாதக்கணக்கில் தண்ணீர் இறைக்கச் செய்தார். 1838-இல் ரயில் ஓடியது. நாடே அவரைப் புகழ்ந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் வெற்றிக் கதை. நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

செஸ்டர் நகரத்தில் டீ என்று ஓர் ஆறு ஓடுகிறது. (நாம் குடிக்கும் டீ அல்ல!) அதன் குறுக்கே ராபர்ட் ஒரு ரயில் பாலம் கட்டினார். மூன்று கண்கள் கொண்ட பாலம். ஒவ்வொரு கண்ணும் 98 அடி நீளம். அவ்வளவு நீளத்துக்கு ஒரே துண்டாக இரும்பை வார்க்க முடியாது. அதனால் மூன்று வார்ப்பிரும்புத் துண்டுகளைச் சேர்த்து முடுக்கி உத்தரம் ஆக்கினார்கள். பக்கவாட்டில் தேனிரும்புப் பட்டைகளையும் பூட்டினார்கள்.

இங்கே கொஞ்சம் விஞ்ஞானம். ஒரு ரப்பர் அழிப்பானின் இரண்டு முனைகளையும் இரண்டு புத்தகங்களின் மேல் வைத்து, நடுவில் விரலால் அழுத்துங்கள். மேல் பக்கம் சுருங்கும், கீழ்ப் பக்கம் இழுபடும். பாலத்தின் உத்தரத்துக்கும் இதேதான் நடக்கிறது. வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுத்தால் தாங்காது, படக்கென்று உடையும். சாக்பீஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். தேனிரும்பு அப்படியல்ல, இழுப்பைத் தாங்கும். அதனால்தான் அந்தப் பட்டைகள். இதே முறையில் இதற்கு முன் சிறிய பாலங்கள் கட்டப்பட்டு, அவை நன்றாகவே நின்றன. அந்த நம்பிக்கையில்தான் டீ ஆற்றில் இன்னும் நீளமாகக் கட்டினார் ராபர்ட்.

1847-ஆம் ஆண்டு மே 24-ஆம் தேதி. சில நாட்களுக்கு முன்புதான் வேறொரு ரயில் பாதையில், இன்ஜினிலிருந்து விழுந்த கங்கு பட்டு ஒரு பாலத்தின் மரப்பலகைகள் தீப்பிடித்து எரிந்திருந்தன. தன் பாலத்துக்கும் அப்படி ஆகிவிடக்கூடாது என்று ராபர்ட் அன்று பலகைகளின் மேல் ஜல்லி பரப்பச் சொன்னார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் பாலத்தின் மேல் டன் கணக்கில் பாரம் கூடிவிட்டது.

அன்று மாலை ஒரு பயணிகள் ரயில் பாலத்தின் மேல் சென்றது. கடைசிக் கண்ணில் போகும்போது, பாதை கீழே அமுங்குவதை ஓட்டுநர் உணர்ந்தார். நீராவியை முழுதாகத் திறந்துவிட்டார். இன்ஜின் மட்டும் அக்கரை சேர்ந்தது. உத்தரம் உடைந்து, பின்னால் வந்த பெட்டிகள் ஆற்றில் விழுந்தன. ஐந்து பேர் இறந்தார்கள், பலர் காயம் அடைந்தார்கள்.

அந்த ஓட்டுநர் செய்ததைக் கேளுங்கள். அவர் இன்ஜினை ஓட்டிக்கொண்டு அடுத்த நிலையத்துக்குப் போய், வேறு ரயில் வந்துவிடாதபடி எச்சரித்தார். பிறகு அதே பாலத்தில் விழாமல் நின்ற மற்றொரு தண்டவாளத்தின் வழியாகத் திரும்பி, செஸ்டருக்கும் போய்ச் செய்தி சொன்னார். பக்கத்து உத்தரம் உடைந்து கிடக்கும்போது அதன் மேல் இன்ஜினை ஓட்ட எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

விசாரணை நடந்தது. பாலத்துக்கு வண்ணம் பூசிய தொழிலாளி ஒருவர், ரயில் போகும்போதெல்லாம் உத்தரம் சில அங்குலம் கீழே இறங்கியதைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னார். ராபர்ட் முகம் வெளுத்து, வாடிப்போய் அங்கே வந்தார் என்று அவரை நேரில் கண்ட ஒரு பொறியாளர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். தவறு என்னுடையதுதான் என்று ஒப்புக்கொள்ளவே ராபர்ட் தயாராக இருந்தாராம். ரயில் கம்பெனியின் வழக்கறிஞர் விடவில்லை. ஒப்புக்கொண்டால் கம்பெனி பெரும் பணம் தர வேண்டியிருக்கும் அல்லவா? கடைசியில் ராபர்ட், ரயில் தடம் புரண்டு உத்தரத்தில் மோதியதால்தான் அது உடைந்தது என்று சாட்சி சொன்னார். வேறு பெரிய பொறியாளர்களும் அவருக்கு ஆதரவாகப் பேசினார்கள்.

ஜூரிகள் அதை ஏற்கவில்லை. மோதியதால் உடையவில்லை, உத்தரத்துக்கே போதிய பலம் இல்லை என்றார்கள். இம்மாதிரிப் பாலங்களை எல்லாம் அரசு ஆராய வேண்டும் என்றும் கேட்டார்கள். அரசும் ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழு இரும்பின் பலத்தைச் சோதித்து 1849-இல் அறிக்கை தந்தது.

பெரியவர்களின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. அன்று ராபர்ட் மனம் சொன்னதைச் சொல்லாமல், வழக்கறிஞர் சொன்னதைச் சொன்னார். அது அவர் வாழ்க்கையில் ஒரு கறைதான். அந்தக் கறையோடு அவர் அடுத்து என்ன செய்தார் என்பதைப் பாருங்கள்.

வேல்ஸ் நாட்டுக்கும் ஆங்கில்சி தீவுக்கும் நடுவே மெனாய் என்ற நீரிணை இருக்கிறது. அதன் மேல் பிரிட்டானியா என்ற பெயரில் ரயில் பாலம் கட்டும் வேலையும் அப்போது ராபர்ட் கையில்தான் இருந்தது. பாய்மரக் கப்பல்கள் கீழே தடையின்றிப் போக வேண்டும் என்று கடற்படை கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. அதனால் தண்ணீருக்கு மேல் நூறு அடி உயரத்தில் பாலம் இருக்க வேண்டும். ஒவ்வொரு பெரிய கண்ணும் 460 அடி நீளம். அப்படி ஒரு பாலத்தை அதுவரை உலகில் யாரும் கட்டியதில்லை.

ராபர்ட் ஒரு புதுமையான யோசனை செய்தார். தேனிரும்புத் தகடுகளால் ஒரு பெரிய குழாய் செய்து, அதற்குள்ளேயே ரயிலை ஓட விடுவது! ஆனால் மனக்கணக்கை மட்டும் அவர் நம்பவில்லை. ஃபேர்பேர்ன் என்ற கப்பல் கட்டும் பொறியாளரிடமும், ஹாட்கின்சன் என்ற கணித அறிஞரிடமும் சோதனை செய்து பார்க்கும் பொறுப்பைக் கொடுத்தார். பாலத்தின் ஆறில் ஒரு பங்கு அளவில், 75 அடி நீளத்துக்கு மாதிரிக் குழாய் செய்தார்கள். அது உடையும் வரை பாரம் ஏற்றினார்கள். எங்கே உடைந்ததோ அங்கே பலப்படுத்தினார்கள். மறுபடி பாரம் ஏற்றி மறுபடி உடைத்தார்கள். அந்த நாட்களில் இரவெல்லாம் தூக்கமின்றிப் புரண்டதாகவும், விடியும்போதும் அந்தக் குழாய்களே மனதில் நின்றதாகவும் ராபர்ட் நண்பரிடம் சொல்லியிருக்கிறார். டீ ஆறும் அவர் நினைவில் வந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கரையில் செய்த குழாய்களைப் படகு மேடைகளில் ஏற்றி, கடல் ஏற்றத்தில் மிதக்கவிட்டு, தூண்களின் அடிக்குக் கொண்டு வந்தார்கள். ஒவ்வொன்றும் 1,500 டன்னுக்கு மேல் எடை. தூண்களின் உச்சியில் இருந்த நீரழுத்த இயந்திரங்கள் குழாயை ஆறு அடி, ஆறு அடியாக மேலே தூக்கின. இங்கே ராபர்ட் ஒரு கட்டளை போட்டிருந்தார். குழாய் மேலே ஏற ஏற, அதன் அடியில் உடனுக்குடன் முட்டுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். ஒரு கணம்கூட அது அந்தரத்தில் தொங்கக் கூடாது. இதனால் வேலை மெதுவாகத்தான் நடந்தது. ஆனாலும் அவர் மாற்றவில்லை.

1849 ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள், நீரழுத்த இயந்திரத்தின் அடிப்பகுதி உடைந்து விழுந்தது. கீழே இருந்த ஒரு தொழிலாளி இறந்துபோனார். அத்தனை டன் எடையுள்ள குழாயும் இறங்கியது. எவ்வளவு தூரம் தெரியுமா? ஓர் அடிகூட இல்லை! கீழே முட்டு தயாராக இருந்தது. அந்தக் கட்டளை மட்டும் இல்லாதிருந்தால் குழாய் நீரிணையில் போயிருக்கும். எத்தனை உயிர்கள் போயிருக்குமோ!

1850 மார்ச் 5-ஆம் தேதி கடைசி ஆணியை ராபர்ட் தன் கையால் அடித்து முடித்தார். அரசு சர் பட்டம் தர முன்வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பாலம் 120 ஆண்டுகள் ரயில்களைச் சுமந்தது. 1970-இல் சில சிறுவர்கள் உள்ளே தீப்பந்தத்தோடு போக, அது தீப்பிடித்துக் குழாய்கள் பாழாயின. அதன் பிறகு பாலத்தை வேறு வடிவில் திருத்திக் கட்டினார்கள்.

1856-இல் ராபர்ட் லண்டன் பொறியாளர் சங்கத்தின் தலைவராக இருந்தார். அப்போது அவர் மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டது ஆச்சரியமானது. கட்டுமானங்களைப் பற்றி எழுதும்போது, வெற்றியை மட்டும் எழுதாமல், நடந்த விபத்துகளையும், அவற்றை எப்படிச் சமாளித்தோம் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள் என்றார். வெற்றி வரலாற்றைவிட அதுதான் இளைய பொறியாளர்களுக்கு அதிகம் பயன்படும் என்பது அவர் கருத்து. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் செஸ்டரில் சாட்சி சொன்னவர்தான் இதைச் சொன்னார்!

அவர் எல்லாவற்றிலும் சரியாகவே சொன்னார் என்று நினைத்துவிடாதீர்கள். சூயஸ் கால்வாய் சரிப்பட்டு வராது என்று நாடாளுமன்றத்தில் பேசினார். அவர் இறந்து பத்தாவது ஆண்டில், 1869-இல், அந்தக் கால்வாய் திறக்கப்பட்டது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். இசம்பார்ட் புரூனல் என்ற பொறியாளர் அவருடைய தொழில் போட்டியாளர். தண்டவாளத்தின் அகலம் முதல் பல விஷயங்களில் இருவரும் எதிரெதிர்க் கட்சி. ஆனால் மெனாயில் குழாயை மிதக்கவிட்ட நாளில் புரூனல் வந்து ராபர்ட்டின் பக்கத்தில் நின்றார். புரூனலின் பிரம்மாண்டமான கப்பல் 1857-இல் கரையிலிருந்து நகர மறுத்தபோது, ராபர்ட் ஓடிப் போனார். அங்கே வழுக்கிச் சேற்றில் விழுந்தும், உடை மாற்றிக்கொள்ளாமல் வேலையைக் கவனித்தார். அதனால் காய்ச்சலில் படுத்தார். 1858-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று இருவரும் எகிப்தின் கெய்ரோ நகரில் சேர்ந்து விருந்து சாப்பிட்டார்கள். மறு ஆண்டு செப்டம்பரில் புரூனல் இறந்தார். ஒரு மாதத்துக்குள், அக்டோபர் 12-ஆம் தேதி, ராபர்ட்டும் போய்விட்டார். அவருக்கு 56 வயது நிரம்ப நான்கு நாட்களே பாக்கி.

சிறுவயதில் தனக்குப் புத்தகம் தந்த நியூகாசில் நூலகம் கடனில் தவித்தபோது, கடனில் பாதியை அவர் கொடுத்திருந்தார். சந்தாவைக் குறைக்க வேண்டும் என்பதுதான் அவர் போட்ட நிபந்தனை.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், தாமஸ் டெல்ஃபோர்டு என்ற மற்றொரு பாலப் பொறியாளரின் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அன்று நியூகாசிலில் அவருடைய தொழிற்சாலைத் தொழிலாளர்கள் 1,500 பேர் ஊர்வலமாகச் சென்று அஞ்சலி செலுத்தினார்கள். அப்பாவும் மகனும் சேர்ந்து செய்த சூரியக் கடிகாரம், கில்லிங்வொர்த் வீட்டு வாசலுக்கு மேலே இன்றும் இருக்கிறது.