பாலுசாமி தீட்சிதர்

பிடில் இல்லாத கருநாடக இசையரங்கு இன்று அரிது. ஆயினும் அது மேனாட்டிலிருந்து வந்த கருவியாகும். அதனை நம் இசைக்கு உரியதாக்கியவருள் முதல்வராகப் போற்றப்படுபவர் பாலுசாமி தீட்சிதர்.

இவர் 1786-ஆம் ஆண்டில் பிறந்தார். இசைமேதை முத்துசாமி தீட்சிதரின் இளவல். தந்தையார் இராமசாமி தீட்சிதர் குடும்பத்துடன் அன்று சென்னைக்கு அருகிலிருந்த மணலியில் வாழ்ந்தார். அவர்களை ஆதரித்த முதலியார், ஐரோப்பியரின் இசையைக் கேட்கும் வாய்ப்பினைச் சகோதரர்க்கு அளித்தார்; பாலுசாமி பிடில் பயிலவும் ஏற்பாடு செய்தார்.

ஆசிரியரோ ஐரோப்பியர், இசைமரபும் வேறு. பெரும்புலவர் மரபிற் பிறந்திருந்தும், பாலுசாமி அவர்முன் தொடக்க மாணவராய் அமர நாணவில்லை. மூன்றாண்டுகள் அயராது பயின்றார். வீணையைப்போல் மெட்டுகள் இல்லாத அக்கருவியில் விரல் தடையின்றி வழுக்கிச் செல்லும்; ஆதலின் நம் கமகங்கள் குரலில் எழுவதுபோலவே அதிலும் எழும். அத்திறத்தை அறிந்து, நம் இராகங்களை அதில் இசைத்தார். பின்னர் எட்டயபுரம் அரசவை அவரைச் சமஸ்தான வித்துவானாக்கிச் சிறப்பித்தது.

மாணவர்களே! எந்த இசைக்கருவியும் முதல்நாளிலேயே கைக்கு இணங்காது. பிழைபட ஒலிக்குமே என்று அஞ்சாதீர்கள். விரும்பும் கருவி ஒன்றைத் தேர்ந்து, நாள்தோறும் சிறிதுபொழுது பயிலுங்கள். பொறுமையுடன் பயின்ற ஒருவரால் அன்றோ அயல்நாட்டுக் கருவியும் நம்முடையதாயிற்று!