நிலம் சொன்ன கதைகள்: கல்கியின் எழுத்தும் பயணமும்

நுழையும்முன்

வரலாறு ஆண்டுகளையும் போர்களையும் அரசர்களின் பெயர்களையும் நமக்குத் தருகிறது. அவ்வரசர்கள் நடந்த வழி, கடந்த ஆறு, அவர்தம் நெஞ்சில் எழுந்த அன்பு, அச்சம், ஏக்கம் ஆகியவற்றைக் கல்வெட்டுகள் பெரும்பாலும் சொல்வதில்லை. அந்த இடைவெளியைக் கற்பனையால் நிரப்பி, பல்லவரையும் சோழரையும் தமிழர் வீடுதோறும் உலவச் செய்தவர் கல்கி. அவருடைய காதலும் வீரமும் கலந்த வரலாற்றுப் புதினங்கள் எழுந்த வகையையும், அவற்றுக்குத் துணைநின்ற பயணங்களையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் சிறையும்

கல்கி என்னும் புனைபெயரால் அறியப்படும் ரா. கிருஷ்ணமூர்த்தி, 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் பிறந்தார். காவிரியின் கிளைகள் பாய்ந்து வளம் செய்யும் மண் அது. ஆற்றில் புதுவெள்ளம் வருவதையும், வாய்க்கால்கள் நிரம்புவதையும், கோயில் திருவிழாக்களில் கதை கேட்க ஊர் கூடுவதையும் கண்டு வளர்ந்தார். பிற்காலத்தில் அவர் படைத்த பெரும்புதினம் ஆடிப்பெருக்கு நாளில் தொடங்குவது தற்செயலன்று.

திருச்சிராப்பள்ளியில் உயர்நிலைப் பள்ளியில் பயின்றுகொண்டிருந்தபோது காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவியது. பள்ளியிறுதித் தேர்வை நெருங்கிய நிலையில் 1921இல் அவர் படிப்பைத் துறந்தார். அடுத்த ஆண்டே ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பட்டமும் பதவியும் அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும், நாட்டின்மீது கொண்ட பற்றும், அதனை மக்கள் மொழியில் சொல்லும் ஆற்றலும் அந்நாள்களிலேயே அவரிடம் உருப்பெற்றன.

இதழ்களில் வளர்ந்த எழுத்து

1923இல் திரு.வி.க. ஆசிரியராக விளங்கிய ‘நவசக்தி’ இதழில் துணையாசிரியராகச் சேர்ந்தார். செந்தமிழை மேடைக்கும் இதழுக்கும் உரிய உயிர்நடையாக மாற்றிய திரு.வி.க.விடம் பெற்ற பயிற்சி, கல்கியின் எழுத்துக்கு அடித்தளமாயிற்று. பின்னர்த் திருச்செங்கோட்டில் இராஜாஜி நிறுவிய காந்தி ஆசிரமத்தில் தங்கி, மதுவிலக்குக் கொள்கையைப் பரப்பிய ‘விமோசனம்’ இதழ்ப் பணியில் துணைநின்றார்.

அதன்பின் எஸ்.எஸ். வாசன் நடத்திய ‘ஆனந்த விகடன்’ இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். நகைச்சுவைக் கட்டுரைகள், சிறுகதைகள், அரசியல் கருத்துரைகள் எனப் பலவகை எழுத்துகளை அவ்விதழில் படைத்தார். ‘கர்நாடகம்’ என்னும் பெயரில் இசை, நாட்டியம் குறித்த விமரிசனங்களும் எழுதினார். 1937இல் அவருடைய முதல் தொடர்கதையான ‘கள்வனின் காதலி’ வெளிவந்தது. அடுத்து வந்த ‘தியாகபூமி’ 1939இல் திரைப்படமாகி, ஆங்கில அரசின் தடைக்கும் உள்ளாயிற்று.

1941இல் தனிநபர் சத்தியாகிரகத்தில் ஈடுபட்டு மீண்டும் சிறை சென்றார். அதற்காக ஆனந்த விகடனிலிருந்து விலக நேர்ந்தது. புகழும் வருவாயும் நிலைபெற்ற ஒரு பணியை, நாற்பதைக் கடந்த வயதில், கொள்கையின் பொருட்டுக் கைவிடுவது எளிதன்று. விடுதலையானபின் நண்பர் டி. சதாசிவத்துடன் இணைந்து அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாளில் ‘கல்கி’ வார இதழைத் தொடங்கினார். இதழுக்கு வேண்டிய பொருளைத் திரட்ட, இசையரசி எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ திரைப்படத்தில் நாரதராக நடித்தார். ஆசிரியர் தம் பெயரையே தாங்கிய அவ்விதழில்தான் அவருடைய மூன்று வரலாற்றுப் புதினங்களும் தொடர்களாக மலர்ந்தன.

மாமல்லபுரத்துக் கடற்கரை

வரலாற்றுப் புதினம் எழுதும் எண்ணம் நூலகத்தில் மட்டும் பிறந்ததன்று. ஒருகால் இரசிகமணி டி.கே. சிதம்பரநாதருடன் மாமல்லபுரம் சென்று கடற்கரையில் அமர்ந்திருந்தபோது, பழைய துறைமுகமும் பல்லவச் சிற்பிகளும் ஆடலரசியும் அரசரும் தம் மனக்கண்முன் எழுந்ததைக் கல்கி தம் நூல்முன்னுரையில் பதிவு செய்துள்ளார். அக்காட்சி நூலாக நிறைவுபெற ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

அதன் முன்னோட்டம்போல் முதலில் வந்தது ‘பார்த்திபன் கனவு’. பல்லவர்க்கு அடங்கிய சோழநாட்டின் விடுதலையைக் கனவு காணும் பார்த்திபனும், அவன் மகன் விக்கிரமனும், விக்கிரமனை விரும்பும் பல்லவ இளவரசி குந்தவியும் அக்கதையின் மாந்தர்கள். நாடு அடிமைப்பட்டிருந்த காலத்தில் வெளிவந்த அக்கதையில், படித்தோர் தம் காலத்தின் ஏக்கத்தையும் கண்டனர்.

அடுத்து, 1944 முதல் 1946 வரை ‘சிவகாமியின் சபதம்’ வெளிவந்தது. சிற்பி ஆயனரின் மகள் சிவகாமிக்கும் இளவரசன் மாமல்லனுக்கும் இடையே மலர்ந்த காதல், சாளுக்கிய மன்னன் புலிகேசியின் படையெடுப்பால் சிதைகிறது. வாதாபியில் சிறைப்பட்ட சிவகாமி, அந்நகர் எரிந்த பின்னரே வெளியேறுவதாகச் சூளுரைக்கிறாள். சூள் நிறைவேறுகிறது, காதலோ நிறைவேறவில்லை. அவள் தன்னை இறைவனுக்கே உரியவளாக்கிக்கொள்கிறாள்.

மாமல்லன் வாதாபியை வென்றதற்கு அந்நகரின் பாறைக் கல்வெட்டு சான்றாக உள்ளது. சிறுத்தொண்டர் வாதாபிப் போரில் ஈடுபட்டதைப் பெரியபுராணம் கூறுகிறது. ஆயனரும் சிவகாமியும் ஆசிரியரின் கற்பனையில் உதித்தவர்கள். ஆனால், மாமல்லபுரத்துப் பாறைகளைச் செதுக்கிய கைகளுக்குப் பெயர் இல்லையே என எண்ணுவோர்க்கு ஆயனர் என்னும் பெயர் உண்மைபோலவே தோன்றும். பெயரறியாச் சிற்பிகளுக்கு முகம் கொடுத்ததே அக்கற்பனையின் சிறப்பாகும்.

பொன்னியின் கரையிலிருந்து ஈழத்துக்கு

1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் வரை மூன்றரை ஆண்டுகள் ‘பொன்னியின் செல்வன்’ வெளிவந்தது. ஐந்து பாகங்களாக விரியும் இப்புதினம், சுந்தரசோழரின் இறுதிக்காலத்தில் சோழ அரியணையைச் சூழ்ந்த சிக்கல்களைக் கூறுகிறது. நீலகண்ட சாஸ்திரியார், சதாசிவப் பண்டாரத்தார் போன்ற அறிஞர்களின் ஆய்வுகள் கல்கிக்குப் பெருந்துணையாயின. நூலறிவோடு அவர் நிறைவுகொள்ளவில்லை. கதை நிகழும் நிலத்தையும் கண்டறிய விரும்பினார். ஓவியர் மணியத்தை உடன் அழைத்துக்கொண்டு இலங்கைக்குச் சென்றார். பழந்தலைநகரின் தூபிகளையும், சிலைகளையும், சிதைந்த மண்டபங்களையும் எழுத்தாளர் தம் நினைவில் பதித்துக்கொண்டார். ஓவியர் தம் கோடுகளில் பதித்துக்கொண்டார். வாரந்தோறும் வந்த ஓவியங்களில் ஆடை, அணி, கட்டடம் ஆகியன உயிர்ப்புடன் அமைந்தமைக்கு இதுவே காரணம். தம் இலங்கைச் செலவைப் பற்றி ‘இலங்கையில் ஒரு வாரம்’ என்னும் நூலையும் கல்கி எழுதியுள்ளார்.

புதினத்தின் அமைப்பே ஒரு பயணமாக உள்ளது. வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமீது வருகிறான். கடம்பூர், குடந்தை, தஞ்சை, பழையாறை எனக் கதை அவனுடன் நகர்கிறது. கோடிக்கரையில் புதைசேற்றையும் கலங்கரை விளக்கத்தையும் கண்டு, பூங்குழலியின் படகில் கடல் கடந்து ஈழத்தை அடைகிறான். படிப்பவர் அவன் கண்களால் சோழநாட்டை ஊர் ஊராகக் காண்கின்றனர். வீரநாராயண ஏரியே இன்று சென்னைக்குக் குடிநீர் வழங்கும் வீராணம் ஏரி. ஏடுகளில் உறங்கிய பெயர்கள் இவ்வாறு கண்முன் உள்ள நிலத்தோடு மீண்டும் இணைந்தன.

உண்மையும் புனைவும்

வரலாற்றுப் புதினத்தைப் படிப்போர் கற்க வேண்டிய ஒரு திறன் உண்டு. எது சான்று, எது புனைவு எனப் பிரித்தறிவதே அது. வீராணம் ஏரிக்கு அருகில் காட்டுமன்னார்கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்றோரின் உடைமைகள் பறிமுதல் செய்யப்பட்டதைத் தெரிவிக்கிறது. கொலைக்கான காரணத்தை அது கூறவில்லை. அந்த மௌனத்திலிருந்தே கல்கியின் கதை முளைத்தது. வல்லவரையன் வந்தியத்தேவனின் பெயரும் குந்தவையின் பெயரும் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் உள்ளன. நந்தினியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கற்பனை மாந்தர்கள்.

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் இராசராசன் காலத்தில் எழுந்ததை ஆனைமங்கலச் செப்பேடு கூறுகிறது. புதினமோ, அவன் முடிசூடுவதற்கு முன்பே அங்கு ஒரு விகாரம் இருந்ததாகக் கொண்டு, நோயுற்ற இளவரசனை அதில் தங்கவைக்கிறது. இது கதைஞர் எடுத்துக்கொண்ட உரிமை. எனினும், கரிகாலனைக் கொன்றவர் யார் என்னும் வினாவுக்கு ஐயமற்ற விடை கூறாமலேயே கல்கி கதையை முடித்தார். சான்று முடிந்த இடத்தில் தீர்ப்புக் கூறாத அடக்கம் அது. கதையில் விடை காணாத பலரைக் கல்வெட்டுகளையும் வரலாற்று நூல்களையும் நாடச் செய்ததும் அந்த அடக்கமே.

இறுதி நாள்களும் நிலைத்த புகழும்

வரலாற்றுப் புதினங்களோடு அவர் பணி முடிந்துவிடவில்லை. நாட்டு விடுதலையையும் பிரிவினையின் துயரத்தையும் பின்புலமாகக் கொண்டு ‘அலை ஓசை’ என்னும் சமூகப் புதினத்தை எழுதினார். எட்டயபுரத்தில் பாரதியாருக்கு மணிமண்டபம் எழுப்ப முன்னின்று உழைத்தார். 1947இல் அது திறந்துவைக்கப்பட்டது.

ஆசிரியப் பணி, பொதுப்பணி, வாரந்தோறும் தவறாது எழுத வேண்டிய தொடர்கதை என மூன்று சுமைகளை ஒருங்கே தாங்கிய உடல் தளர்ந்தது. பொன்னியின் செல்வன் நிறைவுற்ற அதே ஆண்டில், 1954 டிசம்பர் 5ஆம் நாள், சென்னையில் காசநோயால் கல்கி காலமானார். அப்போது அவருக்கு வயது 55. அவர் எழுதிக்கொண்டிருந்த ‘அமரதாரா’ பாதியில் நின்றது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதனை எழுதி முடித்தார். 1956இல் ‘அலை ஓசை’ சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நூற்றாண்டை ஒட்டி அவருடைய படைப்புகளைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியது.

பள்ளிப்படிப்பை முடிக்காத ஒருவர், பல தலைமுறைகளுக்கு வரலாற்றின்மீது ஆர்வத்தை ஊட்டினார். மாமல்லபுரத்துக் கற்களும், காவிரியின் வெள்ளமும், ஈழத்தின் தூபிகளும் எல்லோர் கண்ணிலும் படுவனவே. அவற்றின்முன் நின்று, இங்கு வாழ்ந்தவர் யார், அவர் எதற்காக அழுதார், எதற்காக மகிழ்ந்தார் என வினவியவர் கல்கி. நம் ஊரின் ஏரிக்கும் கோயிலுக்கும் பழஞ்சுவருக்கும் முன்பு அவ்வினாவை எழுப்பும் எவர்க்கும் அவை கதை சொல்லும்.