மேரி டீல்பி அம்மையார்

லண்டன் மாநகரில் தேம்ஸ் நதியின் தென்கரையிலே பாட்டர்ஸி என்றொரு பகுதி உண்டு. அப்பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அந்நகரத்தார் பலருக்கும் நினைவு வருவது அங்குள்ள நாய் இல்லமேயாம். எஜமானர்கள் இழந்துவிட்ட நாய்களும் வேண்டாமென்று கைவிட்ட நாய்களும் 1871-ம் வருஷம் முதல் அங்கே அடைக்கலம் பெற்று வருகின்றன. அவ்வில்லத்தைத் தோற்றுவித்த மேரி டீல்பி அம்மையார் பாட்டர்ஸிக் கட்டடத்தைக் கண்ணால் கண்டவரல்லர். இன்று அவர் பெயரை அந்நாட்டார் மரியாதையோடு சொல்லுகிறார்கள். அவர் உயிரோடிருந்த காலத்திலோ அது பரிகாசத்திற்கே பெரிதும் பயன்பட்டது.

அம்மையார் 1801-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஹண்டிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். 1829-ல் ஹல் நகரத்து மரவியாபாரி ஒருவரை மணந்தார். அந்த இல்வாழ்க்கை நிலைக்கவில்லை. கணவரைப் பிரிந்து லண்டனுக்கு வந்து, தம் பெற்றோருடனும் பாதிரியாராயிருந்த தமையனாருடனும் வசித்து வந்தார். குழந்தைகளில்லை, பெருஞ்செல்வமுமில்லை. ஐம்பத்தெட்டாவது வயது வரையில் உலகம் அறியத்தக்க காரியம் எதையும் அவர் செய்ததாகத் தெரியவில்லை.

1860-ம் வருஷத்தில் ஒருநாள், அவருடைய சிநேகிதியான சாரா மேஜர் என்ற மாது, கானன்பரி சதுக்கத்தில் ஒரு நாய் எலும்புந்தோலுமாய் விழுந்து கிடப்பதைக் கண்டார். எத்தனையோ பேர் அதைப் பார்த்துக்கொண்டே கடந்து போயிருப்பார்கள். இவ்விரு மாதரும் அதை வீட்டிற்கு எடுத்து வந்து, சமையற்கட்டிலே கிடத்தி, ஆகாரம் புகட்டிப் பார்த்தார்கள். பட்டினி முற்றிப்போயிருந்தபடியால் நாய் பிழைக்கவில்லை. இவ்வளவோடு அநேகர் மனம் நொந்து நின்றிருப்பார்கள். டீல்பி அம்மையாரோ அடுத்தடுத்து அத்தகைய நாய்களைத் தேடிக் கொணர்ந்து அதே சமையற்கட்டில் வைத்துப் போஷிக்கத் தொடங்கினார். அங்கே இடம் போதாமற் போகவே, ஹாலோவேயில் ஹாலிங்ஸ்வர்த் தெருவிலிருந்த குதிரைலாயம் ஒன்றை அமர்த்தினார். 1860-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி, தொலைந்த நாய்களுக்கும் பட்டினி கிடக்கும் நாய்களுக்கும் தற்காலிக இல்லம் என்ற பெயருடன் அந்த ஸ்தாபனம் உருப்பெற்றது.

அக்காலத்துச் சட்டத்தின் நிலையைச் சற்றே கவனித்தால்தான் அம்மையார் கண்ட குறை விளங்கும். நாயை அடித்துக் கொடுமை செய்பவனைத் தண்டிக்க 1835-ம் வருஷத்துச் சட்டம் இடங்கொடுத்தது. நாயைத் திருடுவோனைத் தண்டிக்கவென்றே 1845-ல் தனிச் சட்டம் ஏற்பட்டது. ஏனெனில் கனவான்களின் செல்ல நாய்களைக் கவர்ந்து சென்று, பணம் பெற்றுக்கொண்டு திருப்பித் தருவதையே தொழிலாகக் கொண்ட கூட்டம் லண்டனில் இருந்தது. கவிஞர் எலிஸபெத் பாரெட் அம்மையாரின் நாய் மும்முறை இவ்வாறு களவு போயிற்று. ஆக, நாயை அடித்தவனுக்குச் சட்டம் உண்டு. எடுத்தவனுக்கும் சட்டம் உண்டு. குட்டியாயிருக்கையில் கொஞ்சி வளர்த்து, கிழமானதும், நோய் கண்டதும், அல்லது வீடு மாறியதும் அதைத் தெருவிலே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட எஜமானனை அதற்காக மட்டும் கூண்டிலேற்ற ஒரு சட்டமும் இல்லை. தன் சொத்தைத் தான் எறிகிறான், அதில் குற்றமென்ன என்பதே அக்காலத்து நியாயம். மேஜையையும் நாற்காலியையும் எறிந்தால் அவை பசியால் சாவதில்லை என்ற வித்தியாசம் சட்ட நிபுணர்களுக்குப் புலப்படவில்லை.

இல்லத்தின் விதிகளைப் பார்க்கும்போது, அம்மையார் இரக்கத்தோடு விவேகமும் உடையவர் என்று தெரிகிறது. உரியவர் வந்து கேட்டால், நாயைப் போஷித்த செலவை வாங்கிக்கொண்டு ஒப்படைப்பார்கள். பதினான்கு நாட்களுக்குள் யாரும் வாராவிடில் அதை விற்கவோ வேறு வகை செய்யவோ கமிட்டிக்கு அதிகாரம் உண்டு. நாயைக் கொண்டுவந்து விடுவோருக்குச் சன்மானம் கிடையாது. கொடுத்தால் திருடர்களுக்கு அது புதிய வருமானமாகிவிடும் அல்லவா? நாய் என்பது இலவசமாய்த் தொலைத்து இலவசமாய்த் திரும்பப் பெறும் வஸ்துவன்று என்பதை எஜமானனுக்கு உணர்த்த, அச்செலவுத் தொகையைப் போன்ற உபதேசம் வேறில்லை.

இல்லம் திறந்த அதே மாதத்தில் லண்டன் டைம்ஸ் பத்திரிகை ஒரு தலையங்கம் தீட்டி அம்மையாரையும் அவருடைய நண்பர்களையும் எள்ளி நகையாடிற்று. மிருகங்களிடம் இரக்கம் காட்டுவது தகும். அதற்காக நாய்களுக்கு வீடு கட்டுவதென்றால் புத்தி தெளிவாயிருப்பவர்கள் செய்யும் காரியமா என்பது அதன் தாத்பரியம். ஏழை எளியவர்கள் வீடின்றித் தவிக்கையில் நாய்க்கென்ன வீடு என்று கேட்டவர்களும் உண்டு.

இக்கேள்வியை நாம் அலட்சியமாய்த் தள்ளிவிட முடியாது. பொதுக்காரியங்களில் ஈடுபட்ட நமது வாசகர்களில் பலரும் இதையே கேட்பார்கள். மனிதன் பட்டினி கிடக்கும் தேசத்தில் எதற்கு முதலிடம் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் டீல்பி அம்மையார் ஏழையின் கலயத்திலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்து நாய்க்கு இடவில்லை. நாயை வாங்கவும் வளர்க்கவும் வசதி படைத்திருந்தவர்கள் செலுத்தாமல் விட்ட கடனைத்தான் அவர் தம் தலைமேல் போட்டுக்கொண்டார். ஏழையின் பெயரைச் சொல்லிப் பிறருடைய தர்மத்தைத் தடுக்கிறவர்கள், அந்த ஏழைக்கே நேரில் ஒரு காசு கொடுத்ததை நாம் அதிகமாய்ப் பார்த்ததில்லை.

பரிகாசம் ஓய இரண்டு வருஷங்களாயின. 1862-ல் இஸ்லிங்டனில் உயர்ந்த ஜாதி நாய்களின் கண்காட்சியொன்று ஆடம்பரமாக நடந்தது. சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திவந்த வாரப் பத்திரிகை அவ்வமயம் ஒரு கட்டுரை வெளியிட்டு, பரிசு பெறவந்த நாய்களையும், அங்கிருந்து அதிக தூரமில்லாத ஹாலோவே லாயத்திலே யாராவது வந்து தம்மை அழைத்துச் செல்ல மாட்டார்களா என்று காத்திருந்த நாய்களையும் ஒருங்கே வர்ணித்தது. அதற்குப்பின் ஜனங்களின் மனோபாவம் மாறத் தொடங்கிற்று.

அம்மையாருக்கு அதை நெடுங்காலம் அனுபவிக்கும் பாக்கியம் இல்லை. புற்றுநோய் கண்டு, 1865-ம் வருஷம் அக்டோபர் 3-ந் தேதி பிகிள்ஸ்வேட் என்னும் ஊரில் காலமானார். இல்லம் பிறந்து ஐந்து வருஷமும் ஒரு நாளும் ஆகியிருந்தன. நாய்களின் ஊளையைச் சகியாத ஹாலோவேவாசிகளின் முறையீடுகளால் அது பின்னர் பாட்டர்ஸிக்குப் போயிற்று. 1883 முதல் பூனைகளையும் ஏற்றுக்கொண்டார்கள். 1885-ல் விக்டோரியா மகாராணி அதன் ஆதரவாளரானார். பத்திரிகைகள் சிரித்த ஸ்தாபனத்தைப் பிரபுக்கள் புகழலாயினர். இதில் மறைக்கக்கூடாத விஷயமும் ஒன்று உண்டு. தெருநாய்களைப் பிடிக்கும் அதிகாரம் 1867-ம் வருஷத்துச் சட்டத்தால் போலீஸாருக்கு வந்தபின், கூட்டம் பெருகிப்போய், உரியவர் வாராத எத்தனையோ நாய்களைக் கொல்லவேண்டிய நிர்ப்பந்தமும் அவ்வில்லத்திற்கு நேர்ந்தது. எஜமானன் கழுவிவிட்ட கையின் அழுக்கு இரக்கமுள்ளவர்களின் கையில் ஒட்டிக்கொண்டது.

வளர்த்த பிராணியைத் தவிக்க விட்டுச் செல்வதே குற்றம் என்று இங்கிலாந்தில் தனிச் சட்டம் செய்தது 1960-ம் வருஷத்தில். அம்மையார் லாயத்தைத் திறந்து சரியாக நூறு வருஷம் கழித்து. அதே 1960-ல் இந்தியப் பார்லிமெண்டும் பிராணிவதைத் தடைச் சட்டத்தை நிறைவேற்றிற்று. ராஜ்ய சபையில் அதற்கு வித்திட்டவர் சென்னையைச் சேர்ந்த ருக்மிணி தேவி அருண்டேல். பசியாலோ தாகத்தாலோ வருந்தத்தக்க நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவதும் அச்சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றமாயிற்று. முதற் குற்றத்திற்கு அது விதித்த அபராதம் 50 ரூபாய்க்கு மேற்படாமல் இருந்தது.