தூக்கணாங்குருவியும் சாலிம் அலியும்

கொங்கு நாட்டுக் கிணற்றடிகளிலும் வயலோரப் பனைகளிலும் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்குவதைக் காணலாம். அவற்றுள் சில முற்றுப்பெறாமல் பாதியிலேயே நின்றிருக்கும். இதனைக் கண்டவர் பலர். காரணத்தை ஆராய்ந்தவர் சிலரே. அச்சிலருள் தலைசிறந்தவர் பறவையியல் அறிஞர் சாலிம் அலி ஆவார்.

இவர் 1896-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் இல்லத்தில் வளர்ந்தார். ஏறத்தாழப் பத்து வயதில், காற்றுத் துப்பாக்கியால் ஒரு பறவையைச் சுட்டு வீழ்த்தினார். சிட்டுக்குருவியை ஒத்த அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. அது யாதென அறியும் வேட்கை அவரைப் பற்றிக்கொண்டது. மாமன் அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பினார். கழகச் செயலாளர் மில்லார்டு பறவையின் பெயரைக் கூறியதோடு, அங்குப் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் அன்புடன் காட்டினார். அன்று தோன்றிய ஆர்வம் இறுதிவரை தணியவில்லை.

பட்டம் பெறாத சாலிம் அலிக்கு ஏற்ற வேலை எளிதில் கிட்டவில்லை. சில காலம் அருங்காட்சியகத்தில் விளக்குநராக இருந்தார். பின்னர்ச் செருமனி சென்று பறவையியல் பயின்றார். 1930-ஆம் ஆண்டு தாயகம் திரும்பியபோது, நிதிக் குறைவால் அவ்வேலையும் எடுக்கப்பட்டிருந்தது.

அவர் மனம் தளர்ந்தாரல்லர். மனைவி தெகுமினாவுடன் கீகிம் என்னும் கடலோரச் சிற்றூரில் தங்கினார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. மழைக்காலத்தில் அவற்றை நாள்தோறும் பொறுமையுடன் நோக்கிக் குறிப்பெடுத்தார். ஆண் குருவியே புல்லிழைகளால் கூடு பின்னுகிறது. பாதி முடிந்ததும் பெண் குருவி வந்து அதனைச் சோதிக்கிறது. மனத்திற்கு இசைந்தால் அங்கே குடியேறுகிறது. ஆண் கூட்டை முடித்துக் கொடுக்கிறது. பின்னர் அந்த ஆணே வேறொரு கூட்டைத் தொடங்கி, மற்றொரு பெண்ணை எதிர்பார்க்கிறது. எப்பெண்ணும் ஏற்காத கூடு பாதியிலேயே கைவிடப்படுகிறது. இவ்வுண்மைகளை விளக்கும் கட்டுரை 1931-ஆம் ஆண்டு வெளிவந்து, அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது.

1941-இல் இந்தியப் பறவைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளியாயிற்று. 1976-இல் பத்மவிபூசண் விருது பெற்றார். 1987-ஆம் ஆண்டு இயற்கை எய்தினார். கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் உள்ள பறவை ஆய்வு மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வேலையின்றி இருந்த நாட்களையே அவர் அரிய ஆய்விற்குரிய நாட்களாக்கினார். அதற்கு அவர் நெடுந்தொலைவு செல்லவில்லை. வீட்டருகே இருந்த சிறு குருவியே அவருக்குப் போதுமாயிற்று. கூர்ந்து நோக்கும் கண்ணும் பொறுமையும் உடையார்க்குக் கிணற்றடிக் கூடும் ஓர் அறிவுக் களஞ்சியமே.