செம்மறியைச் செதுக்கிய உழவர்

பொருளாதார வரலாறு கற்பித்த ஆண்டுகளில், ஜேம்ஸ் வாட்டுக்கு இணையாக நான் எடுத்துரைத்த பெயர் ராபர்ட் பேக்வெல். அவர் எந்திரம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. செம்மறி ஆட்டையே மாற்றியமைத்தார்.

1725-இல் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் பகுதியில் உள்ள டிஷ்லியில் பிறந்தார். தந்தைக்குப் பின் 1760-இல், சுமார் 440 ஏக்கர் குத்தகைப் பண்ணை அவர் பொறுப்புக்கு வந்தது. அக்காலத்தில் கிடாக்களும் பெட்டைகளும் ஒரே மேய்ச்சலில் கலந்து திரிந்தன. இனப்பெருக்கம் தற்செயலாகவே நிகழ்ந்தது. பேக்வெல் அவற்றைப் பிரித்தார். வேண்டிய குணமுடையவற்றை மட்டுமே இணைசேர்த்தார். அக்குணம் நிலைபெற, நெருங்கிய உறவுள்ள ஆடுகளைச் சேர்க்கவும் தயங்கவில்லை.

கிடாக்களை விற்காமல் பருவந்தோறும் வாடகைக்கு அனுப்பினார். இதனால் வருவாய் கிட்டியது. ஒரே கிடாவின் குட்டிகள் பல பண்ணைகளில் எவ்வாறு வளர்கின்றன என்று ஒப்பிடவும் முடிந்தது. சிறந்த கிடா எதுவென்பதைக் குட்டிகளே காட்டிக்கொடுத்தன.

இவ்வாறு உருவான நியூ லெஸ்டர் இனம் விரைந்து வளர்ந்தது. எலும்பு குறைவு, இறைச்சி மிகுதி. 1776-இல் திவாலானபோதும் பேக்வெல் மீண்டெழுந்தார். மணம் புரியாமலே வாழ்ந்து 1795-இல் மறைந்தார். 1859-இல் வெளியான தமது நூலில் சார்லஸ் டார்வின் அவரைக் குறிப்பிடுகிறார்.

ஆயினும் ஒரு குறை உண்டு. கொழுப்பை நாடிய சந்தைக்காக உருவான அந்த ஆடு, மக்களின் சுவை மாறியதும் மதிப்பிழந்தது. சந்தை எதற்கு விலை கொடுக்கிறதோ, அக்குணமே மந்தையில் வளரும்.

இன்று நியூசிலாந்து அறிவியலாளர்கள் பேக்வெல்லின் வழியிலேயே நடக்கின்றனர். ஆடு அசைபோடும்போது வெளிவரும் மீத்தேனை, அடைத்த சிறு கூண்டுகளில் அளக்கின்றனர். குறைவாக வெளியிடும் தன்மை மரபுவழி தொடர்வதையும், அத்தகைய ஆடுகளின் இரைப்பை சற்றே சிறிதாக இருப்பதையும் கண்டறிந்துள்ளனர். ஒவ்வொரு தலைமுறையிலும் கிடைக்கும் பயன் சிறிதுதான். ஆனால் அது மந்தையில் நிலைத்து, அடுத்தடுத்த தலைமுறைகளில் கூடிக்கொண்டே போகும்.

அறிவியல் ஆயத்தமாக உள்ளது, விலைதான் இல்லை. இறைச்சிக்கும் கம்பளிக்கும் பணம் தரும் சந்தை, வெளிவராத மீத்தேனுக்கு எதுவும் தருவதில்லை. 2024-இல் நியூசிலாந்து அரசு வேளாண்மையை உமிழ்வு வணிகத் திட்டத்திலிருந்து விலக்கியது. பலன் உலகுக்கு, செலவு உழவருக்கு என்றால் எந்த உழவர் அக்கிடாவை நாடுவார்? பேக்வெல்லின் கிடாக்களுக்கு வாடகை தர உழவர்கள் போட்டியிட்டனர், ஏனெனில் ஆதாயம் அவர்களுக்கே சேர்ந்தது. மீத்தேன் குறைந்த கிடாவுக்கும் அத்தகைய ஆதாயத்தை உண்டாக்குவது அரசுகளின் கடமை.