விண்மீனை வரைந்தவரும் காட்டை அழித்த புழுவும்

நிலவில் ஒரு பள்ளத்திற்கும் செவ்வாய்க் கோளில் ஒரு பள்ளத்திற்கும் தம் பெயர் சூட்டப்படும் பேறு எத்தனை பேருக்குக் கிட்டும்? அப்பேறு பெற்றவர் எத்தியேன் லியோபோல்டு ட்ரூவெலோ. ஆனால் அவர் பெயரைக் கேட்டதும் அமெரிக்க மக்கள் நினைப்பது வானத்தை அன்று, ஒரு புழுவையே!

ட்ரூவெலோ 1827ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் பிறந்தார். அங்கு ஆட்சி கவிழ்ந்த காலத்தில் குடும்பத்துடன் அமெரிக்கா சென்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மெட்ஃபோர்டு என்னும் ஊரில் குடியேறினார். ஓவியம் அவர் தொழில். பூச்சி வளர்ப்போ அவர் உயிர். அந்நாட்டுப் பட்டுப்பூச்சிகளை வளர்க்க 5 ஏக்கர் நிலத்தைச் சுற்றி வளைத்து, செடிகளை வலையால் மூடினார். 1865இல் அங்கு பத்து லட்சம் புழுக்கள் இலை தின்றனவாம்!

அத்துடன் அவர் மனம் அமையவில்லை. 1868 அல்லது 1869இல் ஐரோப்பாவிலிருந்து ஜிப்சி அந்துப்பூச்சியின் முட்டைகளைத் தருவித்தார். அவற்றுள் சில புழுக்கள் தப்பி வெளியேறின. அதை அவர் பிறருக்கு அறிவித்தும் எவரும் பொருட்படுத்தவில்லை என்பர். பின்னர் அவர் பூச்சிகளை விட்டு வானியலுக்குத் திரும்பினார். 1872இல் ஹார்வர்டு வானாய்வுக்கூடம் அவரை அழைத்துக்கொண்டது. சனிக்கோளையும் சூரியப் புள்ளிகளையும் அவர் தீட்டிய வண்ணப் படங்கள் இன்றும் வியப்பூட்டுகின்றன. 1882இல் தாய்நாடு திரும்பிய அவர், 1895இல் மறைந்தார்.

ஆனால் புழுக்கள் திரும்பவில்லை! இருபது ஆண்டுகள் ஓசையின்றிப் பெருகி, 1889இல் மெட்ஃபோர்டு முழுவதையும் மூடின. மரங்கள் மொட்டையாயின, வீட்டுச் சுவர்களிலும் புழுக்கள் ஊர்ந்தன. 1890 முதல் அரசு போராடிப் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டது. எனினும் 1900இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. இளம்புழு மெல்லிய நூலில் தொங்கிக் காற்றோடு பறக்கும். அதற்கு வேலி ஏது?

இப்புழு பெரிதும் விரும்புவது ஓக் என்னும் கருவாலி மரத்தின் இலைகளை. ஆண்டுதோறும் இலை இழக்கும் மரம் வலுவிழந்து பட்டுப்போகும். 1981இல் மட்டும் சுமார் 1 கோடியே 29 லட்சம் ஏக்கர் மரங்கள் இலை இழந்தன. இதனை ஒழிக்க 1906 முதல் ஐரோப்பாவிலிருந்து ஓர் ஒட்டுண்ணி ஈயைக் கொணர்ந்தனர். அது அந்நாட்டுப் பட்டுப்பூச்சிகளையே மிகுதியாகக் கொன்றது. ட்ரூவெலோ முதலில் அன்போடு வளர்த்தது அவ்வினத்தைத்தானே!

அவரைக் கொடியவர் என்று நாம் சொல்லமாட்டோம். அறிவும் உழைப்பும் நிறைந்தவர் அவர். ஆயினும் வேற்று நிலத்து உயிரைக் கொணருமுன், அதன் பகை எது, அது தப்பினால் என்னாகும் என்று எண்ணாமல் விட்டார். அவர் வாழ்ந்தது 67 ஆண்டுகள். அவர் விட்ட புழுவோ 150 ஆண்டுகளுக்குப் பின்னும் காடுகளைத் தின்கிறது. வெளியூரிலிருந்து ஒரு செடியையோ விதையையோ ஆசையாய்க் கொண்டுவரும்போது, தோழியரே, நாம் ஒரு கணம் நின்று எண்ணுவோமாக!